லா சப்பலில் எனக்கு வந்த சுழற்காற்று

அமெரிக்கச் சமவெளியில் ஒரு மாதம் சுழற்காற்றுகளைத் துரத்திவிட்டு மதராஸ் திரும்பும் வழியில், பாரிஸில் இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். இங்கே லா சப்பல் பகுதியில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. ஊறுகாய் வாங்கத்தான் நுழைந்தேன். இப்போது என் வீரத்தின் புகைப்படங்கள் கல்லாமேசை முழுக்கப் பரந்து கிடக்கின்றன.

கடைக்காரர் யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்.

"இதிலை காத்து எங்கை, அண்ணை?"

நியாயமான கேள்விதான். முதல் படத்தில் என் கட்டைவிரல். இரண்டாவதில், நான் குப்புறக் கிடந்த பள்ளத்துப் புல். மூன்றாவதில் சுழற்காற்று நிஜமாகவே இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தளவு.

"கிட்ட வந்தால் சத்தம் எப்பிடி இருக்கும்?"

"தலைக்கு மேல ரயில் ஓடற மாதிரி இருக்குங்க. ஆனா பயப்படக் கூடாது" என்கிறேன்.

கடை அதிர்கிறது. அலமாரியில் போத்தல்கள் கிணுகிணுக்கின்றன. அடுத்த கணம் நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவில், தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு கிடக்கிறேன்.

வெளியே, பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்.

"வந்த புதுசிலை நானும் உதிலைதான் விழுந்து படுத்தனான், அண்ணை."

நான் நினைத்தது சுழற்காற்று. அவர் என்ன நினைத்துப் படுத்தார் என்று கேட்கத் தைரியம் வராமல், படங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஊறுகாய் கேட்கிறேன்.