எண்ணெய்ச் சட்டி வைக்காத சோமாஸ்

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, கள்ளக்குறிச்சியில் வேலை முடிந்து ரிஷிவந்தியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தால், உள்ளேயிருந்து வெல்லமும் ஏலக்காயும் மணக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆடியில்தான் அப்பா போயிருந்தார். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. பலகாரம் உறவுக்காரர்கள்தான் கொண்டுவந்து தர வேண்டும். அன்றைக்கு அதைக் கொண்டுவருவதாக இருந்தவர் சின்னசேலத்து அத்தை, அப்பாவின் அக்கா. முறையில் ஒரு நூல் பிசகினாலும் ஊரைக் கூட்டிவிடுவார்.

அம்மாவோ, அப்பா போனதிலிருந்து சாப்பாட்டைத் தொடுவதில்லை. அரை இட்லி, ஒரு வாய் மோர், அவ்வளவுதான். ரவிக்கை தோளில் நிற்காமல் வழுக்கியது. கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் போய்விடுவாளோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, டிவி பார்ப்பது போல ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேக் செய்கிறேன் பேர்வழி என்று நான் வாங்கி, ஒரே ஒரு கேக்கைக் கருக்கிவிட்டுப் பரணில் தூக்கிப் போட்ட ஓவன் அது.

"இன்னாம்மா பண்ற?"

"சோமாஸ்."

"அத்தை வர்ற நேரம்மா. எண்ணெச் சட்டி வெக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எங்க வெச்சேன்? இதுல சட்டியும் இல்ல, எண்ணெயும் இல்ல. மாவுல வெண்ண போட்டுப் பெசஞ்சி, போன்ல பாத்துக்கினு செஞ்சேன்."

சாஸ்திரத்தில் சந்து கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதலில் வெந்து இறக்கியிருந்த தட்டை எடுத்து ஒளித்துவைக்கலாம் என்று நான் துணியைத் தேடும்போதே, அத்தை தூக்குச்சட்டியோடு உள்ளே வந்துவிட்டார். தட்டில் வரிசையாகப் பிறை பிறையாகச் சோமாஸ், ஓரம் மடித்து, மேலே லேசாகச் சிவந்து. அத்தை அதையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார்.

"எண்ணெச் சட்டி வெக்கலிங்க அண்ணி," என்றாள் அம்மா.

அத்தை ஒன்றை எடுத்து விண்டார்.

"இன்னாம்மா இது, தேங்காப் பூரணமா? தம்பி இனிப்புல தேங்கா போட்டா தொடவே மாட்டானே."

"அவருக்கு இல்லிங்க. எனக்குச் செஞ்சிக்கினேன்."

அம்மா சொன்னதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாத் தீபாவளிக்கும் பொட்டுக்கடலைச் சோமாஸ்தான். அம்மாவுக்கு அதுதான் உயிர் என்று தோழிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா இறந்த செய்தி வந்தபோதுகூட இப்படி உட்காரவில்லை.

அத்தை கையிலிருந்ததை முழுவதும் தின்று முடித்தார். பிறகு, "வெல்லம் கொஞ்சம் கம்மி," என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறக்காமலே ஓரமாக வைத்தார்.

அம்மா ஒன்றை எடுத்தாள். மெல்ல மென்றாள். இரண்டாவதையும் எடுத்தாள். அவள் தாடை அசைவதை வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கும் அவள் சாப்பிட வேண்டுமே, எதையாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் கேட்டேன்.

"உனக்கு வேற இன்னாம்மா புடிக்கும்?"

மெல்வதை நிறுத்திவிட்டு, அம்மா அத்தையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தெரியலியே," என்றாள்.