வெண்ணியிலிருந்து பின்வாங்கியவர்

கார்த்திகை முதல் தேதி, திங்கட்கிழமை காலை, டாக்டரின் மனைவி கோமதி அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, அவுக போயிட்டாக" என்றார். பிறகு, நான் கேட்பேன் என்று தெரிந்தவராய், "விடிஞ்ச பொறவுதான்" என்றும் சொன்னார்; தமிழ்த் தேதி விடியலில்தான் மாறும். ஊரில் ஒட்டியிருக்கும் அஞ்சலிச் சுவரொட்டியில் ஐப்பசி முப்பத்தொன்று என்று அச்சாகியிருக்கிறது. இவ்வாண்டு ஐப்பசிக்கு முப்பத்தொன்றாம் தேதி கிடையாது. டாக்டர் ஆவுடைநாயகம் இருந்திருந்தால் அந்தச் சுவரொட்டியைக் காட்டியே என்னை ஒரு மாதம் சீண்டியிருப்பார். அவர் இல்லாததால் திருத்தத்தை இங்கே பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் அவரிடம் வாய் திறந்து காட்டாத குடும்பம் அரிது. சிவகிரிப் பேருந்தில் கன்னத்தில் கைவைத்தபடி வந்து இறங்குகிறவர்களுக்கு நடத்துநரே அவருடைய கிளினிக்குக்கு வழி சொல்லி அனுப்புவார். ஆனால் வீட்டோடு சேர்ந்த அந்தக் கிளினிக்கின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்ன நடந்தது என்பது உங்களில் மிகச் சிலருக்கே தெரியும். பழைய டேபிள் டென்னிஸ் மேசை ஒன்றின்மேல் விரலளவு வீரர்களை அணிவகுத்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்த போர்களை நாங்கள் மறுபடி நடத்திப் பார்த்தோம். சிறுபிள்ளை விளையாட்டு என்று கேலி செய்தவர்கள் உண்டு. டாக்டர் அதை மறுத்ததில்லை. "சீட்டாடுதவன் காச விடுதான், நாங்க ராச்சியத்த விடுதோம்" என்பார்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள முதன்முதலாக அவரிடம் போனது ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு உட்காரவைத்திருந்தார். ஜன்னல் விளிம்பில் சில குதிரைவீரர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பாண்டியர் படை என்றார். வீரர்களின் கால்கள் அங்கவடியில் ஊன்றியிருந்தன. அக்காலத்தில் இந்நாட்டுக் குதிரைகளுக்கு இரும்பு அங்கவடி இருந்ததற்குச் சான்று இல்லை என்று பாதி மரத்த வாயால் சொன்னேன். அவர் என் பல்லை மறந்தார். பல் குடையும் கருவியை எடுத்து, என் கண்முன்னாலேயே ஒவ்வொரு குதிரையாக அங்கவடியை அறுத்தெடுத்தார். முடித்துத் திரும்பியபோது எனக்கு மரப்புத் தெளிந்துவிட்டிருந்தது. இன்னோர் ஊசி போடவேண்டியதாயிற்று. "வலிச்சா என்ன அண்ணாச்சி, சரித்திரம் சரியாயிட்டுல்லா" என்றார். அந்த ஞாயிறு முதல் நான் அம்மேசைக்கு நடுவரானேன்.

அவ்வீரர்கள் அனைவரும் அவர் தொழிலிலிருந்து பிறந்தவர்கள். காலாட்களைப் பல் மாதிரிகள் செய்யும் வெள்ளைச் சாந்தில் வார்த்தார். யானைகளைப் பல்செட்டின் ஈறு செய்யும் பொருளில் வார்த்தார். ஆகவே சாயம் பூசும்வரை சோழனின் யானைப்படை முழுதும் ஈறு நிறத்தில் நிற்கும். தந்தங்கள், பல்செட்டுகளில் மீந்துபோன கோரைப்பற்கள். மேசையில் பரப்பியது இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் மண். நாங்கள் அதிகமாக நடத்திய போர் வெண்ணிப் போர். வெண்ணியோ காவிரி வண்டல் பூமி. கரிசல் பொருந்தாது என்று ஆட்சேபித்தேன். "மண்ணெடுக்கத் தஞ்சாவூருக்கா போவாக? செத்து விழுதவனுக்கு எல்லா மண்ணும் ஒண்ணுதான்" என்றார். காலக்கணக்கிலும் அவர் அப்படித்தான். எந்த ஆண்டு என்றே அறுதியிட முடியாத போரை எந்தக் கிழமையில் நடத்தினால் என்ன என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் இன்றும் ஏற்கவில்லை.

விதிகளை எழுதியவன் நான். தாயக்கட்டையை உருட்டி வெட்டு விழுந்ததா என்று பார்ப்பது, தையற்காரர் நாடாவால் நகர்வை அளப்பது, பின்னாலிருந்து தாக்கப்பட்ட அணிக்கு இரட்டிப்பு இழப்பு என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பின்வாங்குதல் மட்டும் கிடையாது. பழைய போர்ப் பாடல்களிலிருந்தே விதிகளைத் திரட்டியிருந்தேன். அவற்றில் புகழ் எல்லாம் நின்று விழுந்தவனுக்கே. ஆகவே எங்கள் மேசையில் ஒரு படை வெல்லும், அல்லது நின்ற இடத்தில் அழியும். டாக்டர் இதை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வாதாடினார். "புலவன் ஓடினவனப் பாடமாட்டான். ஆனா ஓடினவந்தான் ஊர் வந்து சேந்து புள்ள பெத்தான். நாமெல்லாம் அவன் வம்சம்லா" என்பார். நான் சான்று கேட்பேன். அவர் கையை விரிப்பார். விதி அப்படியே நின்றது.

வெண்ணியில் சோழனோடு பொருத சேரன் தோற்றான். அவன் மார்பில் பாய்ந்த வேல் முதுகில் வெளிவந்தது. முதுகில் பட்டது புறப்புண், அது மானக்கேடு என்று கருதி, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர்விட்டான். டாக்டர் எப்போதும் சேரன் பக்கமே ஆடுவார். சோழன் பக்கம் குருவிகுளத்தில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். சேரனை உயிரோடு வீடு சேர்க்க வேண்டும் என்பதே டாக்டரின் நெடுநாள் முயற்சி. அதில் அவர் ஒருமுறையும் வென்றதில்லை. "மார்புல ஏறுன வேலு முதுகுல வந்தா அது எப்பிடிப் புறப்புண்ணு? பக்கத்துல ஒரு டாக்டர் இல்லாம அநியாயமாச் செத்தான்" என்று சேரனுக்காக வருந்துவார்.

அவர் நாக்கின் ஓரத்தில் தோன்றிய வெள்ளைப் படலத்தை முதலில் கண்டவர் அவரே, முகம் மழிக்கும் கண்ணாடியில். அவருக்குப் புகையிலைப் பழக்கம் இல்லை. இருந்ததாக ஊரில் சிலர் பேசுவது தவறு. வேறொருவர் வாயில் அதைக் கண்டிருந்தால் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பியிருப்பார். தமக்கு வந்தபோது ஆடித்தபசு கழியட்டும் என்றார்; பிறகு தீபாவளி கழியட்டும் என்றார். மதுரையில் நாக்கில் பாதியை எடுத்தார்கள். திரும்பி வந்தவரிடம் குரல் இருந்தது, ஓசை இருந்தது, சொற்கள் இல்லை. அவர் பேசுவது கோமதி அம்மாள் ஒருவருக்கே விளங்கியது. அவர் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சொல்வதை வகுப்பில் கணக்கை வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமின்றி எங்களுக்குத் திருப்பிச் சொல்வார், ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்து, "சரியாச் சொல்லுதேனா?" என்பார். டாக்டர் தலையசைப்பார்.

அடுத்த பங்குனியில் கழுத்தில் மறுபடி கட்டி எழுந்தது. இன்னொரு முறை அறுத்துப் பார்க்கலாம், உறுதி எதுவும் சொல்வதற்கில்லை என்று மதுரையில் கூறினார்கள். பெங்களூரிலிருந்த மகன் அறுவைக்கு உடனே ஏற்பாடு செய்யச் சொன்னான். கோமதி அம்மாளும் அதையே விரும்பினார். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். ஒரு வியாழக்கிழமை கோமதி அம்மாள் என் வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்னாக் கேப்பாக அண்ணாச்சி. அவுகளுக்கு விதி சொல்லுத ஆளு நீங்கதான்" என்றார். நான் போய் எனக்குத் தெரிந்தவரை எடுத்துரைத்தேன். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் அளவு நாடாவை எடுத்து என் கையில் வைத்து மேசையைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெண்ணி என்று பொருள்.

அந்த ஞாயிறன்று குருவிகுளத்து நண்பர் ஏதோ திருமணத்தை முன்னிட்டு வரவில்லை. அவருடைய நாற்காலியில் கோமதி அம்மாள் வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் அம்மேசையில் ஆடியதில்லை.

"இத்தன வருசமா இந்த யானைகளத் தூசி தட்டுனது நாந்தான்" என்றார். "இன்னைக்கு நான் ஆடுதேன். நான் ஜெயிச்சா நீங்க மதுரைக்கு வரணும். சம்மதமா?"

டாக்டர் சிரித்தார். அந்நாட்களில் அவர் சிரிப்பைப் பார்ப்பது எளிதாக இல்லை. சிரித்துவிட்டுத் தலையசைத்தார்.

இதை நான் தடுத்திருக்கலாம் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அவ்விருவர் முகத்தையும் அப்போது பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எங்கள் விதிப்படி ஒவ்வொருவரும் தம் நகர்வை வாயால் அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அது நடந்தே தீரும். டாக்டரின் கட்டளையைப் புரிந்துகொள்ள அறையில் ஒருவரே இருந்தார். அவரோ எதிரிப் படையின் தலைவி. ஆகவே சேரனின் ஆணைகளைச் சோழன் பக்கத்து நாற்காலியிலிருந்தே நான் கேட்டேன். கோமதி அம்மாள் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "குளத்தங்கரைக்குப் பின்னால இருக்க வேல்காரங்க வெளிய வாராகளாம், என் முன்வரிசை யானையக் குத்துதாகளாம். சரியாச் சொல்லுதேனா?" என்று தம் யானைகளுக்கு வந்த ஆபத்தையும் அதே குரலில் வாசித்தார். டாக்டர் தலையசைத்தார். தாயக்கட்டை உருண்டது. வெட்டுண்ட யானைகளைக் கோமதி அம்மாளே எடுத்துத் தட்டில் வைத்தார்.

ஆனால் அவர் ஆட்டம் பெரிது. உரக்கடை நண்பரைப்போல் ஆவேசம் காட்டவில்லை. கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுதுகிறவர்போல், பக்கவாட்டில் ஒவ்வோர் அணியாக அடைத்துக்கொண்டே வந்தார். பிற்பகலில் சேரன் மேசையின் விளிம்பருகே மெய்க்காவலர் சிலரோடு நின்றான். மூன்று புறமும் காலாட்கள். விளிம்புக்குப் போகும் ஒரே வழியில் இரண்டு யானைகள். கோமதி அம்மாள் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார். அவர் உருட்டவேண்டியதுதான் மிச்சம், உருட்டினால் மதுரை.

அப்போது டாக்டர் ஏதோ சொன்னார். மிகச் சிறிய பேச்சு.

கோமதி அம்மாள் திருப்பிச் சொல்லவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதே ஓசையை மறுபடி எழுப்பினார். கோமதி அம்மாள் வேறெதையாவது சொல்லியிருந்தால் டாக்டர் தலையாட்டி மறுத்திருக்கலாம். விளங்கவில்லை என்று சொல்லியிருந்தால் மறுக்க வழியே இருந்திராது.

"பின்வாங்குதாகளாம்" என்றார்.

விதியில் அதற்கு இடமில்லை என்றேன். நடுவர் சொல்லவேண்டியது அதுதான்.

"இடமில்லன்னா எழுதுங்க. அவுக சொன்னத நான் சொல்லிட்டேன்."

கட்டையை மேசையில் வைத்தார். இரண்டு கைகளாலும் அந்த யானைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக நகர்த்தினார். ஒன்று சாய்ந்தது. யாரும் அதை நிமிர்த்தவில்லை. டாக்டர் சேரனை அந்த இடைவெளி வழியே தாமே மெல்ல நகர்த்தி, விளிம்பைத் தாண்டியதும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கோமதி அம்மாள் எழுந்து கஞ்சி சுடவைக்கக் கீழே போனார். நான் அங்கேயே பென்சிலால் எழுதினேன்: சூழப்பட்ட படை, எதிரி வழிவிட்டால், களத்தைவிட்டு நீங்கலாம், அது தோல்வியாகக் கொள்ளப்படாது.

அதன்பின் அவ்வீட்டில் மதுரை என்ற பேச்சு எழவில்லை. வைகாசியில் வந்த மகன் மட்டும் என்னிடம் கேட்டான்: "எங்கப்பா உசிர வச்சு வெளையாடிட்டீகளே மாமா." அறுத்திருந்தால் சில மாதங்கள் கூடியிருக்கலாம், கூடாமலும் போயிருக்கலாம். இதைப் படிக்கும் யாரும் அவர் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கழுத்துக் கட்டி உடைந்தது. ஊதுபத்திப் புகையால் அந்த வாடையை மறைக்க முடியவில்லை. வலி மருந்து கொடுத்தால் உறங்குவார். தெளிந்தால் சுவரைப் பிடிப்பார். கஞ்சி கரண்டியளவாயிற்று, பிறகு ஈரப் பஞ்சாயிற்று. தம் வீட்டில், தம் கட்டிலில் இருந்தார் என்பது ஒன்றே அவர் பெற்றது. அதைத்தான் அவர் கேட்டிருந்தார்.

நான் தினமும் பிற்பகலில் போய் அருகில் உட்கார்ந்திருப்பேன். ஐப்பசியின் கடைசி வாரத்தில், கோமதி அம்மாள் அடுப்படியில் இருந்த நேரம், அவர் வெளியே மழையா என்று கேட்டார். "தூத்தல்தான் டாக்டர், கரிசலுக்குக் காணாது" என்றேன். இதுக்கே ஏன் இந்தக் குளிரு என்றார். போர்வையை இழுத்துவிட்டேன். சற்றுக் கழித்தே, இடையில் யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பது உறைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் கோமதி அம்மாள் என்னை மாடிக்கு அழைத்துப் போய், அவர் ஞாபகமாக எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று கூறிவிட்டு வந்தேன். என்னிடம் இருப்பது, நாக்கில் பாதி போனபின் டாக்டர் ஆவுடைநாயகம் பேசிய தமிழ். அதைக் கேட்டால் விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் இவ்வுலகில் இருவர், கோமதி அம்மாளும் நானும். பேசத்தான் ஆள் இல்லை.