சூடேறாத பென்டிரைவ்

பென்டிரைவைப் பிடுங்கியதும் அறிவுச்செல்வி முதலில் அதைக் கன்னத்தில் ஒத்திப் பார்ப்பார். சுட்டால், பாட்டும் கல்யாணப் படமும் ஏற்றிக்கொள்ள என்று ஒதுக்கிவிடுவார். படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்ப அது ஆகாது.

பள்ளிபாளையத்தில், நூல் கடைக்கு மேல்மாடியில் அவருடைய சர்வீஸ் கடை. தறிப்பட்டறைகளில் இருந்து வரும் கம்ப்யூட்டர்களில் பென்டிரைவ் சொருகும் துளையைப் பஞ்சு அடைத்திருக்கும். ஊசியால் அதைக் கிளறி எடுத்த பிறகுதான் மறுவேலை.

சேலைக்கு டிசைன் போடும் காளிதாஸ் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். விண்டோஸ் ஏறவில்லை. தீபாவளிக்காக வரைந்த முந்தி டிசைன்கள் அத்தனையும் அதற்குள்தான். வேறு நகல் கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று இன்னொரு கடையில் சொல்லியிருந்தார்கள்.

"மொதல்ல உள்ள இருக்கறத வெளிய எடுத்துப்போடலாமுங்கண்ணா. அப்பறம் அழிக்கறதப் பத்திப் பேசலாம்."

"இந்தா அம்மிணி, இதுல எடு. புதுசு, நூத்தி இருவத்தெட்டு ஜிபி. சந்தையில வாங்குனேன்."

அறிவுச்செல்வி உடனே எடுத்துவிடவில்லை. வேண்டாத கோப்புகளை அதில் கொட்டி நிரப்பி, நிரப்பியதைத் திரும்பத் திறந்து பார்த்தார்.

"அட்டையிலதானுங்க நூத்தி இருவத்தெட்டு. உள்ள எட்டுதான். அதுக்கு மேல போட்டா பேரு மட்டும் காட்டும், தொறந்தா ஒண்ணும் இருக்காது."

காளிதாஸ் அந்தப் பென்டிரைவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இவள் மட்டும் நம்பி இதில் எடுத்திருந்தால்!

விண்டோஸ் ஏறாத கம்ப்யூட்டரை வெளியிலிருந்தே எழுப்பும் பென்டிரைவ் ஒன்றைத் தன் பெட்டியில் தேடத் தொடங்கினார் அறிவுச்செல்வி. தடித்தது வேண்டாம், பக்கத்துத் துளையை மறைக்கும். அங்கேதான் டிசைன்களை வாங்கிக்கொள்ளும் இரண்டாவது பென்டிரைவ் உட்கார வேண்டும். விளக்கு இல்லாததும் வேண்டாம், வேலை செய்கிறதா தூங்குகிறதா என்று தெரியாது.

"மாப்பிள்ள பாக்கறப்பக்கூட இத்தன பாக்கமாட்டாங்க அம்மிணி."

"மாப்பிள்ள பாதியில மொறச்சுக்கிட்டா சமாதானம் பேசலாமுங்கண்ணா. இது பாதியில நின்னுச்சுன்னா யாருகிட்டப் போயிப் பேசறது?"

மெலிந்த, பழைய ஒன்று தேறியது. சொருகினார். சிறு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. காளிதாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் எழுந்தது. டிசைன்கள் பக்கத்துப் பென்டிரைவுக்கு மாறின. முடிந்தது என்று திரை சொன்னதை அறிவுச்செல்வி ஏற்கவில்லை. நகலெடுத்த ஒவ்வொன்றையும் திறந்தார். கடைசியாக ஒரு முந்தி, மயிலும் கொடியுமாக, நூல் பிசகாமல் விரிந்தது.

காளிதாஸ் கைகூப்பினார். "அம்மிணி..." என்றார்.

அறிவுச்செல்வி திரையை அவர் பக்கம் திருப்பினார். மயிலின் மேல் படிந்திருந்த தூசியைத் துப்பட்டா நுனியால் மெல்லத் துடைத்துவிட்டார்.