பன்னிரண்டில் எடுத்த மூச்சு

என் வலது செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. லிங்கநகர் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு பெண்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட செருப்பு இஞ்ச கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். வெறும் காலோடு பத்தடி நடந்திருந்தேன். வெயிலில் காய்ந்த தார் வீதி. பாதத்துக்கு அந்தச் சூடு எட்டவே இல்லை.

அன்று திங்கட்கிழமை. மாலையில் ஒரு மருத்துவரிடம் போனேன். களைப்பாக இருக்கும் என்று விற்றமின் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விறைப்பு கணுக்காலைத் தாண்டியது. புதன் காலை சமைக்கப் போனபோது, குசினிக்குப் போகும் இரண்டு படிகளில் என்னால் ஏற முடியவில்லை. என் கணவர் கோபி தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் படுத்தெழும்பும். சரிவரும்."

ஒண்டுமில்லை என்று சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். அந்தச் சொல் வெளியே வரவில்லை. அதற்குக் காரணம் புஷ்பராணி ரீச்சர்.

அவர் நான் படித்த பாடசாலையின் வலைப்பந்துப் பயிற்றுநர். அவரைக் கண்டால் எங்களுக்குக் கை குளிரும். பயிற்சி தொடங்குமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தியிடமும் கேட்பார்: "எங்க நோகுது? எப்பிடி நோகுது? எப்பவிலிருந்து?" ஒண்டுமில்லை என்று பொய் சொல்லிப் பிடிபட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. மாவட்ட இறுதிப் போட்டிக்கு முதல் நாள் கணுக்கால் வீங்கியது. துணியால் இறுக்கிச் சுற்றி, மேலே காலுறை போட்டு மறைத்தேன். போட்டியன்று எல்லோர் முன்னாலும் காலுறையைக் கழற்றச் சொன்னார்.

"கால் முறிஞ்சா கட்டலாம். பொய் சொல்லுற பிள்ளையை வச்சு நான் என்னத்தைக் கட்டுறது?"

என்னை வெளியே இருத்தினார். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். தோழிகள் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நான் அவரைப் பல வருடங்கள் வெறுத்தேன்.

புதன் காலை, படியடியில் இருந்தபடியே கோபியிடம் ஒரு தாளும் பேனையும் கேட்டேன். திங்கள் காலை வலது கால்விரல்கள், பின்னேரம் இரண்டு பாதங்களும், செவ்வாய் மதியம் கணுக்கால், இன்று முழங்கால், விரல்நுனிகள். மணித்தியாலத்தோடு எழுதினேன். பேனை இரண்டு தடவை நழுவியது. நோவு இல்லை, விறைப்பும் பலமின்மையும்தான் என்றும் எழுதினேன்.

வைத்தியசாலையில் இளம் டொக்டர் ஒருவர் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை.

"இது மேல ஏறிக்கொண்டு வருது அக்கா. மூச்சுத் தசைக்குப் போக முதல் நாங்கள் பிடிக்கோணும்."

கில்லன் பாரே (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்புகளையே தவறுதலாகத் தாக்கும் நோய்) என்று பெயர் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து இம்யூனோகுளோபுலின் (பிறர் தானம் செய்த குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றத் தொடங்கினார்கள்.

மூச்சை அளக்கும் கருவியை ஊத என் உதடுகள் ஒழுங்காக மூடவில்லை. ஆகவே ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். புதன் பின்னேரம் முப்பது வரை எண்ணினேன். வியாழன் காலை இருபத்திரண்டு. மதியம் டொக்டர் மறுபடி வந்தார். எண்ணிக்கை குறைந்தால் தொண்டையில் குழாய் போடுவார்கள் என்ற பயம் எனக்கு. இருபது வரை எண்ணி முடித்தேன்.

"நல்லம்," என்று சொல்லி எழுதப் போனார்.

"டொக்டர், பன்னிரண்டில களவா ஒரு மூச்சு எடுத்தனான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். தாதியைப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் தொண்டையில் குழாய் போட்டு என்னைச் செயற்கைச் சுவாசத்தில் விட்டார்கள். அன்று மாலைக்குள் என் நெஞ்சு தானாக அசைவதை முற்றாக நிறுத்தியது. பின்னர் அவர் சொன்னார்: "இருபது எண்டு எழுதியிருந்தா நாங்கள் பொறுத்துப் பாத்திருப்பம்."

பத்தொன்பது நாட்கள் கண் இமைகள் மட்டும் என்னுடையவையாக இருந்தன. மற்ற எல்லாவற்றையும் தாதிமார் திருப்பினார்கள், கழுவினார்கள், மடக்கி நீட்டினார்கள். பிறகு உடம்பு திரும்பி வந்தது. முதலில் தோள். பிறகு விரல்கள். ஒரு நாள் காலையில் சுட்டுவிரல் படுக்கைச் சீலையைச் சுரண்டியது. நான் அதற்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த விரலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே நோயோடு கிடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடற்பயிற்சி தரும் இயன்மருத்துவரை மகிழ்விக்க நினைக்காதீர்கள். களைத்த நரம்பை வற்புறுத்தினால் பின்னடைவு வரும். "இண்டைக்கு இதுக்கு மேல ஏலாது" என்று சொல்லுங்கள். அதைச் சொல்வது எனக்குத் தோல்விபோல் இருக்கவில்லை.

நோய் வந்த ஏழாவது மாதம், ஊன்றுகோலோடு நானும் கோபியும் சாம்பல்தீவில் ரீச்சர் வீட்டுக்குப் போனோம். ரீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது. முற்றத்தில் நான் நடந்து வருவதைக் கதிரையில் இருந்தபடி பார்த்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"வலது கால் இழுபடுது. எப்பவிலிருந்து?"

எல்லாம் சொன்னேன். காலுறையைக் கழற்றிய நாளையும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அந்த மட்ச் எனக்கு ஞாபகமில்லை பிள்ளை. எத்தினை மட்ச்."

என் வாழ்க்கையின் பெரிய அவமானம் அவர் நினைவில் இல்லவே இல்லை. அவருக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

"எனக்கென்னத்துக்கு? நான் கேட்டனான், அவ்வளவுதான். அந்த டொக்டரிட்டச் சொன்னது நீர்."

திரும்பும் வழியில் சல்லிக் கடற்கரையில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். கோபியின் கையைப் பிடித்துக்கொண்டு நீர் விளிம்பில் நின்றேன். அலை வந்து இரண்டு பாதங்களையும் மூடியது. இடது காலில் குளிர் உடனே ஏறியது. வலது காலில் ஒன்றுமில்லை. அலை திரும்பிப் போனது. குதிக்காலுக்கு அடியில் மணல் கரைந்தது.

"போவமா?" என்றார் கோபி.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "மற்றக் காலுக்குக் குளிர் இப்பத்தான் வருது."