கிணற்றடிக் கற்கள்

என் மேசையில் ஒரு கூழாங்கல் இருக்கிறது. கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறியது. அதன் இடுப்பில் ஒரு துணிக்கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். ஒரு காலத்தில் பச்சைப் புடவையின் கரையாக இருந்த துணி. இப்போது என்ன நிறம் என்று சொல்ல அதற்கே வெட்கம். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். காகிதம் பறக்காமல் இருக்க என்பேன் ஒருவரிடம். ரிட்டையர் ஆனபோது ஆபீஸில் கொடுத்த தங்கம், மேலே கொஞ்சம் அழுக்கு என்பேன் இன்னொருவரிடம். உண்மையை யாரிடமும் சொன்னதில்லை. அதை உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டும்; என் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் அவ்வளவு நேரம் உட்காருவதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்மலையில் குமாஸ்தா வேலை கிடைத்து, ஸ்ரீரங்கத்தில் அறை தேடி அலைந்தேன். ஒரு வீட்டின் கொல்லைப்புற அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரர் தந்தி ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, குழந்தைகள் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை கட்டணம் வாங்கிப் பழகிய மனுஷர், வீட்டிலும் அப்படியேதான் பேசினார்.

"ஊர்?"

"லால்குடிப் பக்கம், மாமா."

"நிலம்?"

"உண்டு."

"கொல்லையைப் பார்த்துப்பீரா?"

அறை எனக்குக் கிடைத்தது அந்தத் தகுதியில்தான். எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது உண்மை. அதில் இறங்கியவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் வரப்பில் குடை பிடித்து நின்ற பரம்பரை. கீரைக்கும் களைக்கும் உள்ள வித்தியாசம் வாயில் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்தக் கொல்லை முழுக்க இறந்துபோன மாமி போட்டது. மதிலில் பிரண்டை, கிணற்று நீர் ஓடுகிற வழியில் வாழை, கறிவேப்பிலை, ஓரமாகக் கற்பூரவல்லி. புடலை, பாகல் விதைகளைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்திருந்தாள். மாமாவின் அப்பா அம்மா திவசத்துக்குக் கடைக் காய் எதுவும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லையாம். கோஸும் தக்காளியும் திவசத்துக்கு ஆகாது. ஆகிற காய் அத்தனையும் கொல்லையிலிருந்தே வரும். அடுத்த புரட்டாசியில் அவளுக்கே முதல் வருஷத் திவசம். மாமா தீர்மானமாகச் சொன்னார்: "அவளுக்கு அவ காயே. கடைக் காய் வேண்டாம்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அந்த மனுஷருக்கு, ஜன்மத்தில் அதைத் தவிர வேறு ஆசை எதுவும் பாக்கி இருந்ததாகத் தெரியவில்லை. ஆடியில் நாங்கள் இரண்டு பேரும் விதை போட்டோம். எது மேல் பக்கம், எது கீழ்ப் பக்கம் என்று ரொம்ப நேரம் ஆராய்ந்தோம்.

கிணற்றடிச் சுவரில் ஒரு ஆணி. அதில் கொத்தாகச் சில கூழாங்கற்கள், ஒவ்வொன்றிலும் புடவைக் கிழிசல் கட்டித் தொங்கின. துவைத்த சட்டை பறக்காமல் இருக்க ஒன்றை எடுக்கப் போனேன்.

"தொடாதீர்!"

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பிரார்த்தனை ஓய். பிள்ளை வேணும்னு மரத்துல கல் கட்டித் தொங்கவிடுவா, பார்த்ததில்லையா? ஊர் அறியப் பண்ண வெட்கப்பட்டுண்டு இங்கேயே கட்டியிருக்கா. அவ போனப்புறம்தான் என் கண்ணுல பட்டது." வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "யாராத்துல குழந்தை பிறந்தது, யார் போனான்னு ஊருக்கெல்லாம் சேதி சொன்னவன் நான். ஆத்துல இருக்கறவளை ஒரு வார்த்தை கேட்கலை" என்றார். அன்று முதல் கவனித்தேன்: தண்ணீர் இறைக்கும்போது அந்த ஆணிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்.

ஆவணியில் புடலை காய்த்தது. காய்த்தது என்றால், சுருண்டது. ஒன்று ஜாங்கிரி, ஒன்று கடுக்கன். இன்னொன்று தன் காம்பையே திரும்பி முறைத்துக்கொண்டிருந்தது. மாமா தினமும் பந்தலடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"வளைஞ்சிருக்கு."

"உங்களுக்கு நமஸ்காரம் பண்றது, மாமா."

அவர் சிரிக்கவில்லை. "அவளோடது நேரா இருக்கும்" என்றார். அவள் வைத்துவிட்டுப் போன விதை, தன் கையில் வந்து கோணிக்கொண்டது என்ற எண்ணம் அவரை அரித்தது.

ஒரு நாள் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது, கரையோரத் தோட்டம் ஒன்று கண்ணில் பட்டது. புடலம் பந்தல். ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு கல் தொங்கிற்று. காய்கள் கம்பி மாதிரி நேராக இறங்கியிருந்தன. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர், "என்ன சார், உட்கார இடம் கிடைச்ச சந்தோஷமா?" என்றார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன், வேடிக்கையாக. "மாமா, மாமி வேண்டிண்டது பிள்ளைக்கு இல்லை, புடலைக்கு!"

காவிரிக் கரையில் பார்த்ததையும் சொன்னேன். அவர் பந்தலை அண்ணாந்து பார்த்தார். கிணற்றடிக்குப் போய், முதல் தடவையாக அந்தக் கொத்தைக் கையில் எடுத்தார். ஒரு கிழிசலின் நுனியில் காய்ந்த புடலங்காய்த் தோல் ஒட்டியிருந்தது.

"காய்க்கா?"

"காய்க்குத்தான் மாமா."

சிரித்தார். கிணற்றுத் துலாக்கட்டையில் இருந்த காக்கை பறந்து போகிற அளவுக்குச் சிரித்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே கேட்டார்:

"அப்போ, அவ எதுவுமே வேண்டிக்கலையா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "கட்டும்" என்று கல்லை நீட்டினார். பிஞ்சாக இருந்தவற்றில் எல்லாம் கட்டினோம். அவை நேராக இறங்கின.

திவசத்தன்று தளிகை பண்ண வந்த சமையல்காரர் ஒரு காயைத் தூக்கிப் பார்த்து, "காந்தி மார்க்கெட்டா? நன்னா நீளமா இருக்கே" என்றார்.

"ஆத்துக் காய். என் ஆத்துக்காரி போட்டது" என்றார் மாமா.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது இந்தக் கல்லை என் கையில் வைத்தார். "நீர் எங்கே நட்டாலும் வளையத்தான் போறது ஓய். வச்சுக்கும்." பஸ் ஸ்டாண்டு வரை வருவார் என்று நினைத்தேன். வாசல் கதவு வரைதான் வந்தார்.

இப்போது நான் புத்தூரில் இருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில், மனைவி போட்டோவில். சமையலறையில் அவள் விட்டுப் போன டப்பாக்களில் சிலவற்றை இன்னும் திறக்கவில்லை. உள்ளே இருப்பது வெறும் கடுகுதான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? மொட்டை மாடித் தொட்டியில் ஒரு புடலை போட்டுச் சின்னதாகப் பந்தலும் கட்டினேன். மாமாவின் வாக்குப் பொய்க்கவில்லை, வளைந்தது. மேசையிலிருந்து கல்லை எடுத்துப்போய்க் கட்டப் பார்த்தேன். துணி நுனி விரலில் பொடியாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் மாமி போட்ட முடிச்சும் போய்விடும். கல்லைக் கீழே கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் மாடியில் துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு அம்மா பந்தலைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இப்படிச் சுருண்டு கிடக்கு? நுனியில ஒரு கல்லைக் கட்டிவிடுங்க" என்றார்.

"கல் இருக்கும்மா. துணிதான் இத்துப்போச்சு."

"நல்லா இருக்கே! ஊர்ல வேற கல்லே இல்லையா, வேற துணியே இல்லையா?"

வேடிக்கையாக ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.