கோழி அறுக்க ஆள் தேடியது

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. இவள் இருக்கும்போது அது எதற்கு என்று மாமா என்னைக் காட்டிச் சொல்வார். காலையில் அடுப்படியில் பேசியது மதியத்துக்குள் கடைவீதிக்குப் போய்விடும். கொண்டு போனது யாரென்று யாரும் விசாரிப்பதில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோழி செத்த விஷயத்தில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. எஸ்டேட் சம்பள நாள் வந்தால் கடையை அம்மாவின் தம்பியான என் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையும் லுங்கியுமாக மூட்டை கட்டிக்கொண்டு நாகலூர் பஸ் ஏறிவிடுவார். நாலு மணி பஸ்ஸில்தான் திரும்புவார். அன்றும் சம்பள நாள். போதாததற்கு அன்று சாயங்காலம் சேலத்திலிருந்து அத்தாவின் அண்ணன் பெரியத்தாவின் குடும்பம் வருவதாக இருந்தது.

கோழிக்கு நான் வைத்த பெயர் சீனி. டீ கிளாஸ் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, அடியில் கரையாமல் தங்கிய சீனியைக் கொத்தித் தின்னும். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பாது, நான் கூப்பிட்டால் ஓடி வரும். கையில் எப்போதும் ஏதாவது வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்பது காரணமாக இருக்கலாம். அன்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காப்பி மூட்டை ஏற்ற வந்த ஜீப் ஒன்று எங்கள் சந்தில் பின்னால் நகர்ந்தபோது சீனி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஓட்டியவர் பார்க்கவேயில்லை, போய்விட்டார். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. இரண்டு கால்களும் நசுங்கி ஒரு பக்கமாகக் கிடந்தன. உயிர் மட்டும் போகவில்லை. இறக்கையை ஊன்றி ஊன்றி மண்ணில் இழுத்துக்கொண்டு என்னிடம் வரப் பார்த்தது. வாயைத் திறந்து திறந்து மூடியதே தவிர, சத்தம் வரவில்லை.

மாரமங்கலத்திலிருந்து ஆரஞ்சுக் கூடையோடு வரும் அக்கா ஒருத்தி, சந்தைக்குப் போகும் முன் எங்கள் வீட்டில் கூடையை இறக்கி ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். அன்று அவள்தான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க பாயம்மா, இது பொழைக்காதுங்க. எதுக்குங்க இப்படி நோவு படணும்? ஒரு திருகு திருகிட்டா ஆச்சு. நானே செஞ்சுபோடட்டுங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் சீனியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. பள்ளிவாசலில் எங்களுக்கு ஓதிக் கொடுத்த ஹஜரத், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, அதாவது பிஸ்மி சொல்லி, நல்ல கூரான கத்தியால் அறுத்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லியிருந்தார். பிஸ்மி சொல்லாமல் கொன்றால் அந்த வலி உலகம் முடிகிற கியாமத்து நாள் வரைக்கும் தீராது என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். எது அவர் சொன்னது, எது நான் சேர்த்தது என்று எனக்கே பிரித்துத் தெரியாது. திருகக் கூடாது, பிஸ்மி சொல்லி அறுக்கத்தான் வேண்டும் என்று மண்ணில் கிடந்தபடி அழுதேன். அறுத்தால் அடுத்தது அடுப்பு என்பது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் வீட்டில் அறுப்பது அத்தா மட்டும்தான். அம்மா ரத்தத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோழி உரித்துக் கழுவி வந்த பிறகுதான் கை வைப்பாள்.

"சரி கண்ணு, ஓடிப் போய் யாரையாச்சும் கூட்டிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஓடினேன். மூடுபனி இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியாத நேரம். முதலில் கடைக்கு. மாமா பெரிய வேட்டைக்காரர். எஸ்டேட் துரையோடு காட்டுக்குப் போய்க் கேளையாடு ஒன்றைத் தன் கையாலேயே அறுத்த கதையை எங்களுக்கு வாரம் ஒருமுறை சொல்வார், ஒவ்வொரு வாரமும் ஆடு கொஞ்சம் பெருத்திருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் மடித்து வைத்திருந்த லுங்கியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"உங்கத்தா வந்துரட்டும் கண்ணு. அவரு கைதான் கை. நான் வந்தா கடையை ஆரு பாக்கறது?"

கடையில் ஒரு ஈ காக்கை இல்லை.

பள்ளிவாசலுக்கு ஓடினேன். பாங்கு சொல்லும் மோதினாரின் அறை பூட்டியிருந்தது. காலை பஸ்ஸில் சேலத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். கறிக்கடைக்கு ஓடினேன். கட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த பாயும் எஸ்டேட் பக்கம் போயிருந்தார். சம்பள நாளில் ஊரில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நாகலூரில்தான் வேலை. கோழி இப்போது கண்ணை மூடியிருக்குமா, திறந்திருக்குமா என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போயிற்று. அதைத் தேடாமல் மறுபடி மாமாவிடமே போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். பாதி வழி வந்தார். அப்புறம் கல்லாவைப் பூட்டவில்லை என்ற நினைவு வந்து, "நீ முன்னால போ, நான் இதோ வந்துட்டேன்" என்று பனிக்குள் மறைந்தார். அந்த 'இதோ' இன்றுவரை வரவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் நின்று அத்தாவுக்காகக் காத்திருக்கலாமா, வீட்டுக்கு ஓடலாமா என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயுமாக நாலு முறை நடந்தேன். கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா பின்வாசலில் நின்றிருந்தாள். அந்தக் குளிரில் தலைக்குக் குளித்து வேறு சேலை மாற்றியிருந்தாள். பழைய வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை பக்கத்தில் இருந்தது. ஆரஞ்சுக்கார அக்கா என்னைப் பார்க்காமல் கூடையில் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடங்கிடுச்சு கண்ணு. நீ போன கொஞ்ச நேரத்துலயே, தானா" என்றாள் அம்மா.

"பிஸ்மிகூடச் சொல்லலையா?"

"இல்ல."

"சும்மா பாத்துக்கிட்டா இருந்தே?"

"ஆமா."

மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறேன் என்றதற்கு, துணியை அவிழ்க்க அம்மா விடவில்லை.

நாலு மணி பஸ்ஸில் அத்தா வந்தார், பின்னாலேயே விருந்தாளிகளும் வந்தார்கள். தானாகச் செத்ததை எங்களில் யாரும் தின்ன மாட்டார்கள், மார்க்கத்தில் ஆகாது. அதனால் ஒரு கோழி வீணாகிவிட்டதே என்று அத்தாவுக்கு ஆற்றாமை.

"காலுதானே போச்சு? நான் வர்ற வரைக்கும் தாங்காதுன்னா, ஒரு ஆளப் புடிச்சு அறுக்க வெக்கத் தெரியாது?" என்று பெரியத்தா முன்னாலேயே அம்மாவைக் கேட்டார். அம்மா முட்டைக் குழம்பு வைத்தாள். அவை என் சீனி இட்ட முட்டைகள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நான் இரண்டு முட்டை தின்றேன்.

அதன்பிறகு பத்து நாட்களுக்கு மேல் அம்மாவோடு நான் பேசவில்லை. ஆனால் ஊரோடு பேசினேன். என் கோழி துடித்துச் சாகிற வரைக்கும் எங்கம்மா சும்மா உட்கார்ந்து பார்த்தாள் என்று ஓதப் போன இடத்தில், குழாயடியில், கடைவீதியில் சொன்னேன். அப்புறம் குளிக்கப் போய்விட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டேன். குழாயடியில் பெண்கள் அம்மாவைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

சேலத்தில் காலேஜில் படிக்கும்போது, ஒரு விடுமுறைக்கு மலையேறிய பஸ்ஸில் அந்த ஆரஞ்சுக்கார அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. அம்மாவைப் பற்றி விசாரித்தாள். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பேசினாள்.

"உங்கம்மாளாட்டம் மனசு ஆருக்குங்க கண்ணு வரும்? நீ அந்தப் பக்கம் ஓடுனதும் கத்தியத் தீட்டிக்கிட்டு வந்து உக்காந்தாங்க. ரெக்கையையும் காலையும் நாந்தான் புடிச்சுக்கிட்டேன். உங்க சாமி பேரு என்னமோ சொன்னாங்களே, ஒருக்கா சொன்னாப் பத்தாதுன்னு மூணு வாட்டி சொன்னாங்க. ரத்தம் மூஞ்சியெல்லாம் அடிச்சுருச்சு. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, அதுக்கு வாயில நிக்காது, அவிங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா சட்டியில ஏத்திருவாங்க, பாப்பா தாங்காதுன்னு நொம்ப அழுதாங்க."

ஊர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்டபடியே பிஸ்மி சொல்லி அறுத்தாள். சீனி சட்டிக்குப் போகக்கூடாது என்று தானாகச் செத்ததாகச் சொன்னாள். நான் கேட்டதையும் செய்தாள், கேட்கத் தெரியாததையும் செய்தாள். இரண்டையும் நான் அறியாமல் இருக்க வேண்டுமென்றால் என் வெறுப்பை வாங்கிக்கொள்வதைத் தவிர அவளுக்கு வழி இல்லை. மூன்று முறை சொன்ன பிஸ்மியைச் சொல்லவேயில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. குழியை மூடி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "நீ கல்நெஞ்சுக்காரி" என்றேன். ஈரத்தலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு, "சரி கண்ணு" என்றாள் அம்மா.