எலி கழற்றிய நட்டு

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், வீட்டுக்குச் சொந்தமாக சோலார் கரண்ட் செய்துகொள்வது என்று அப்பா முடிவெடுத்தார். மழைதான் காரணம். மழைக்காலம் வந்துவிட்டால் மலைமேல் எங்காவது ஒரு மரம் கம்பிமேல் சாயும். அதைத் தேடிக் கண்டுபிடித்து லைனைச் சரிசெய்வதற்குள் இன்னொரு மரம் சாய்ந்திருக்கும். எங்கள் வீடு வெள்ளிமலையைத் தாண்டி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையாக நின்றதால், எல்லாருக்கும் கரண்ட் வந்த பிறகுதான் எங்களுக்கு வரும்.

அம்மாவுக்கு வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அந்த வேலைக்காகத்தான் அப்பா களமருதூர்ப் பக்கம் இருந்த நெல் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மலையேறி வந்து, சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். மோட்டார் வைத்த தையல் மிஷினில் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைத்துக் கொடுப்பாள். கரண்ட் போனால் வீட்டில் அதிகம் கோபப்படுகிறவளும் அவள்தான். பாதி தைத்த சட்டைக்கையை அப்பாவின் முகத்துக்கு நேரே ஆட்டி, "மாமா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்பாள்.

வழியை அப்பா போனில் பார்த்து வைத்திருந்தார். கொல்லைக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் முழுக்க அந்தப் பாறையில் உட்கார்ந்து, யார் யாரோ சோலார் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போய் பேனல், லாரி பாட்டரி, இன்வெர்ட்டர், விரல் தடிமனில் கேபிள் எல்லாம் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். பேனலைத் துணிபோட்டுச் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் சாய்த்துப் பிடித்து வந்ததாக கண்டக்டர் பிறகு அம்மாவிடம் சொன்னாராம்.

எல்லா வேலையையும் அப்பாவே செய்தார். ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல். பாட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளின் நுனியில் லக் என்ற செப்புக் குழலை மாட்டி இறுக்கவேண்டும். அதன் மறுமுனையில் நட்டு போட ஓட்டை இருக்கும். அதை இறுக்குவதற்கென்றே தனியாக ஒரு கருவி உண்டு. அப்பாவிடம் சுத்தியல்தான் இருந்தது. வாசல் கல்லில் வைத்து நாலு அடி அடித்து, மேலே டேப்பைச் சுற்றிவிட்டார்.

அன்று சாயங்காலம் பல்பு எரிந்தது. அம்மா கை தட்டினாள். சித்தி ஓடிப்போய் மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா மிக்ஸியையும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அப்பா அடித்து வைத்த லக் தொடமுடியாதபடி கொதித்து, டேப் பாகாக உருகி ஒழுகியது.

"மாமா, நான் கரண்ட்டுதான் கேட்டேன். வூட்டக் கொளுத்தச் சொல்லல" என்றாள் சித்தி.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் கருவியைத் தனியாகத் தரமாட்டேன் என்றார். ஆளோடு வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றார். அப்படித்தான் அவர் அனுப்பிய ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைக்காரரின் தம்பி மகன். ஒல்லியாக, உயரமாக, தோளில் கனமான பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கியவர் வீட்டு வாசல்வரை வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாப்பா ஆச்சு?" என்று அப்பா பதறினார்.

"ஒண்ணும் இல்லீங்க. மலை ரோட்ல வளைவு ஜாஸ்திங்க" என்றார் அவர். முகம் பச்சைப் பாக்கைப் போல இருந்தது. சித்தி எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, சித்தியைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தே, "நல்லா இருக்குதுங்க" என்றார்.

தலை நிமிர்ந்த பிறகு வேலையில் இறங்கினார். அப்பா அடித்த லக்கை வெட்டி எடுத்து, குறுக்கே அறுத்துப் பார்த்தார். உள்ளே செப்பு இழைகள் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் காலியாகக் கிடந்தது. அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்து, "இதுல நானே பூந்து வெளிய வந்துடலாம் போலிருக்குதே" என்று சிரித்தார்.

பிறகு நடந்ததை நான் பக்கத்திலேயே குந்திப் பார்த்தேன். ஓர் இழைகூட அறுபடாமல் ரப்பரைச் சுற்றி வெட்டி உருவினார். கேபிளுக்கு அளவான லக்கை எடுத்து, இழைகளைச் சேர்த்து முறுக்கி அடிமுட்ட நுழைத்தார். கருவியின் வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்த அழுத்த, செப்பு மெதுவாக நசுங்கி ஆறுமூலையாக மாறியது. வெளியே எடுத்தபோது லக் எங்கே முடிகிறது, கேபிள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒன்றாகிக் கிடந்தது. மேலே கறுப்புக் குழாய் ஒன்றை நுழைத்து லைட்டரைக் காட்டினார். அது சுருங்கித் தோலைப் போல ஒட்டிக்கொண்டது.

"நான் இழுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டு லக்கை ஸ்பேனரில் மாட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இழு பாப்பா. புடுங்கினு வந்தா திருப்பிப் போட்டுத்தரேன்" என்றார். நான் கேபிளைப் பிடித்து, சுவரில் காலை உதைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன். கேபிள் அசையவில்லை. அவர்தான் கொஞ்சம் சரிந்தார். சித்தி மிஷினில் இருந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு இணைப்புகளை எல்லாம் சோதித்துச் சரியென்று சொன்னவள் நான்தான் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

அதனால்தான் அடுத்த மாதங்களில் நடந்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. ஒருநாள் மிஷினுக்குப் போகும் ஒயர் பிளக்கிலிருந்து கழன்றுவிட்டது. இன்னொரு நாள் ஃபியூஸ் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் கண்டுபிடித்தவள் சித்தி. "மாமா, அவரையே கூப்டுங்க. வேற யாராச்சும் கை வெச்சா கெட்டுப்பூடும்" என்பாள். அப்பா பாறையில் ஏறி போன் செய்வார். அவர் அத்தனை வளைவுகளிலும் குடலைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவார். எலுமிச்சைத் தண்ணீர் தயாராக இருக்கும். ஒரு ஸ்குரூவை முடுக்குவார். கடைசி பஸ் வரைக்கும் இருந்து மற்ற ஸ்குரூக்களையும் சரிபார்ப்பார். வேலை இல்லாமல் ஒரு வீட்டு வாசலை மிதிக்கத் தெரியாத மனிதர். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டால் மட்டும் சித்திக்கு எங்கிருந்தோ கோபம் வரும். "அண்ணன் கிண்ணன்லாம் வோணாம், பேசாம இரு" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் சின்னசேலத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வருகிறார்கள். அம்மா வீட்டைக் கழுவி, ரவையும் முந்திரியும் வாங்கி வைத்தாள். சித்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்க வந்தால் அப்படித்தான் பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாரல் பிடித்தது. வழக்கம்போல லைன் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் சோலாரும் போனது. அப்பாவும் நானும் பாட்டரி இருந்த மூலைக்குப் போய்ப் பார்த்தோம். கேபிள் பாட்டரியைவிட்டுத் தனியாகக் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் நட்டும் வாஷரும் பக்கத்தில் பக்கத்தில் அழகாக வைக்கப்பட்டிருந்தன.

"யாருப்பா கழட்னது?"

அப்பா நட்டைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சித்தி வெங்காயம்கூட இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எலி" என்றார் அப்பா.

"எலி நட்டு கழட்டுமா?"

"மலை எலிம்மா. பளபளன்னு இருந்தா அதுக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாரலில் பாறைக்கு நடந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு நட்டுக்காக அந்த அண்ணன் இத்தனை வளைவு ஏறிவர வேண்டுமா? பாட்டரியை நான் தொடக்கூடாது என்று உத்தரவு இருந்தது. ஆனாலும் ஸ்பேனரை எடுத்தேன். லக்கை மாட்டி, வாஷரைப் போட்டு, நட்டைச் சுற்றி, மூச்சைப் பிடித்து முடுக்கினேன். சின்னதாக ஒரு பொறி தெறித்தது. இன்வெர்ட்டர் ஒரு சத்தம் கொடுத்தது. கூடத்து பல்பு எரிந்தது.

"சித்தீ, நான் சரி பண்ணிட்டேன்!"

சித்தி ஓடிவந்தாள். பல்பை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் அப்படி வாடியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "உன்ன யாருடி தொடச் சொன்னது?" என்று சொல்லி மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எனக்கும் அழுகை வந்தது. அம்மா யாரை முதலில் தேற்றுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஜீப் வந்து நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவர் பையோடு இறங்கினார். முகம் வழக்கத்தைவிடப் பச்சையாக இருந்தது. வாசலுக்கு வந்ததும் எரிகிற பல்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அப்பா வாசல்படியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"கனெக்‌ஷன் சரியாப் பூடுச்சிப்பா. பாப்பாவே முடுக்கிட்டா."

"அப்டிங்களா."

"வேலை ஒண்ணும் இல்ல. ஜீப்பு இன்னும் நின்னுக்கினுதான் இருக்குது. கிளம்புறியா?"

அவர் ஜீப்பைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு அப்பாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, பாட்டரி முன்னால் குனிந்து, நான் முடுக்கிய நட்டை ஆட்டிப் பார்த்தார். "நல்லா புடிச்சிருக்குதுங்க" என்றார்.

சித்தி ஸ்டூலைவிட்டு எழுந்தாள். "இப்பவும் ஒயரப் பத்திதான் பேசுவீங்களா?"

அவர் பையைக் கீழே வைத்தார். முதல்முறையாக நிமிர்ந்து, நேராக அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"நான் ஒயருக்கு வரலீங்க. முதல் தடவை மட்டுந்தான் ஒயருக்கு வந்தேன்."

அப்பா சிரித்த சிரிப்பில் ஜீப்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "இத்த சொல்றதுக்கு இத்தினி மாசமா? எங்க வூட்டு ஸ்குரூவெல்லாம் தேஞ்சி பூடுச்சேப்பா!"

அம்மாவுக்குத்தான் கவலை. "சிரிச்சிக்கினு நிக்கிறீங்களே. இவரு வூட்ல கோயிலுக்குப் போறவங்க, நாம சர்ச்சுக்கு. நாளைக்கு வர்றவங்களுக்கு இன்னா சொல்றது?"

"ரெண்டு பக்கமும் பேசறது என் வேலை. நாளைக்கு வரவேணாம்னு இப்பவே சொல்லிட்டு வரேன்" என்று அப்பா மறுபடி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பாறைக்குக் கிளம்பினார். போகும்போது விசில் அடித்தார். இரண்டு பக்கமும் பேசி முடிக்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அடுப்பைப் பற்றவைத்து, ரவையை எடுத்து வாணலியில் கொட்டினாள்.

சித்தி என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவர் முகத்திலிருந்த பச்சையெல்லாம் போய், காது வரைக்கும் சிவந்திருந்தது. "பாப்பா, நீ மட்டும் முடுக்கலன்னா நான் இன்னைக்கும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்று என் தலையைத் தடவினார். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமானதாக இருந்தது.

நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பல்புக்கு அடியில் நின்றேன். பெரியவர்கள் அழுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள். ஒரே ஒரு நட்டை முடுக்கியதற்கு ஒரு வீடே இப்படிக் கொண்டாடுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.